செல்களுக்கு இடைப்பட்ட வெளி: மூளைத் தளப்பொருள் ஆய்வின் வரலாறும் தமிழக ஆய்வகங்களின் பங்கும்

மூளையின் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு வெளியே இருக்கிறது. நியூரான்களுக்கும் அவற்றைப் பேணும் கிளையச் செல்களுக்கும் நடுவே ஓடும் இந்த இடுக்குகள் பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் அகலமே உடையவை. அவற்றில் வெறும் உப்புநீர் நிற்பதில்லை. நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளும் அவற்றைச் சுமக்கும் புரதங்களும் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பின்னலே செல்வெளித் தளப்பொருள். ஹயலூரானிக் அமிலம் என்னும் மிக நீண்ட சங்கிலி இதற்கு அடிப்படை. அக்ரிக்கன், பிரெவிக்கன், நியூரோக்கன் போன்ற புரோட்டியோகிளைக்கன்கள் அந்தச் சங்கிலியில் வரிசையாக ஒட்டிக்கொள்கின்றன. இணைப்புப் புரதங்கள் அந்த ஒட்டுதலை இறுக்குகின்றன. டெனாசின்-ஆர் என்னும் புரதம் ஒரு புரோட்டியோகிளைக்கனை இன்னொன்றுடன் கட்டிவைக்கிறது. புரோட்டியோகிளைக்கன்களின் பக்கக் கிளைகளாக நீட்டி நிற்கும் கான்ட்ராய்ட்டின் சல்ஃபேட் சங்கிலிகள் எதிர்மின்னூட்டம் மிகுந்தவை. அதனால் நீரையும் கால்சியம், சோடியம் அயனிகளையும் தம்மருகே ஈர்த்து வைக்கின்றன.

நரம்பியல் பாடநூல்கள் நெடுங்காலம் இப்பொருளை இடைவெளியை அடைக்கும் பசை என்ற அளவிலேயே குறிப்பிட்டு நகர்ந்தன. மூளை எந்த வயது வரை எளிதில் கற்கும், காயம்பட்ட தண்டுவடம் ஏன் தானாக வளர்வதில்லை, சில வலிப்பு நோய்கள் எப்படி மூள்கின்றன என்ற கேள்விகளுக்கான விடையில் இந்தப் பசைக்கும் பங்குண்டு என்பது கடந்த நாற்பது ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. அந்தத் தெளிவு இரண்டு தனித்தனிப் பாதைகளில் வந்தது. ஒன்று நுண்ணோக்கியின் வழி, மற்றது வேதியியலின் வழி. இரண்டாவது பாதையில் சென்னைக்கும், அதைவிட வேலூருக்கும், உரிய இடம் உண்டு. அது போதிய அளவு பேசப்படவில்லை.

கோல்கி கண்ட வலை

இத்தாலிய ஆய்வாளர் கமில்லோ கோல்கி 1890களில் நரம்புச் செல்களை வெள்ளி உப்புகளால் நிறமூட்டிப் பார்த்தபோது, சில செல்களின் உடலையும் அவற்றின் கிளைகளின் தொடக்கப் பகுதியையும் மெல்லிய வலை ஒன்று மூடியிருப்பதைக் கண்டார். 1898இல் அதை விரிவாக எழுதினார். அவர் பெயரால் இன்று அறியப்படும் செல் உறுப்பையும் அதே ஆண்டில்தான் அறிவித்தார். செல் உறுப்பு பாடநூலில் இடம்பிடித்தது. வலை காணாமல் போயிற்று.

அதற்கு ஒரு காரணம் ஸ்பானிய ஆய்வாளர் சந்தியாகோ ரமோன் இ கஹால். செல்லைச் சுற்றியுள்ள திரவம் நிறமூட்டும்போது உறைந்துபோனதால் உண்டான தோற்றமே அந்த வலை என்று அவர் கருதினார். நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனதா இல்லையா என்ற பெரிய விவாதத்தில் கஹால் வென்றார், கோல்கி தோற்றார். 1906இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிறகும் கோல்கியின் சிறிய கண்டுபிடிப்புகள் அவருடைய பெரிய பிழையின் நிழலிலேயே கிடந்தன.

1950களில் வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. திசுவைப் பதப்படுத்த அன்று பயன்பட்ட வேதிமுறைகள் செல்களை வீங்கச் செய்தன. செல்வெளி நசுங்கி, சவ்வுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதுபோலத் தெரிந்தன. மூளையில் செல்லுக்கு வெளியே இடமே இல்லை என்று எண்ணும் அளவுக்கு அந்தப் படங்கள் நம்பகமாகத் தோன்றின. 1965இல் வான் ஹரவெல்டும், உடன் பணிபுரிந்த குரோவெல், மல்ஹோத்ரா ஆகியோரும் திசுவை நொடியில் உறையவைத்து, பனியை மெல்ல அகற்றிப் பார்த்தபோது அந்த இடம் மீண்டும் தெரிந்தது. 1981இல் சார்ல்ஸ் நிக்கல்சன் உயிருள்ள மூளையில் அயனிகள் பரவும் வேகத்தை அளந்து, செல்வெளி ஏறத்தாழ 20 சதவீதம் என்று நிறுவினார்.

தோலிலிருந்து தொடங்கிய வேதியியல்

தளப்பொருளின் வேதியியல் மூளையிலிருந்து பிறக்கவில்லை. கண், குருத்தெலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து பிறந்தது. 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் பளிங்குநீரிலிருந்து ஹயலூரானிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். தோலைப் பொறுத்தவரை சென்னை வலுவான இடத்தில் இருந்தது. குன்றத்தூரிலிருந்து அனகாபுத்தூர் வழியாகப் பல்லாவரம் செல்லும் சாலையில் வரும் பம்மல், அதையடுத்த நாகல்கேணி, குரோம்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த ஊர்கள். குரோம் லெதர் கம்பெனியின் பெயரே குரோம்பேட்டைக்கு ஊர்ப்பெயராயிற்று. 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது இந்தத் தொழிற்பின்னணியில்தான்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்ற ஜி. என். ராமச்சந்திரன், சென்னைக்கு வந்திருந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னலுடன் பேசியபோது கொலாஜன் புரதத்தின் வடிவம் இன்னும் தீர்க்கப்படாத சிக்கல் என்பதை அறிந்தார். பக்கத்திலேயே இருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு கொலாஜன் மாதிரிகளைப் பெற்று எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தார். கோபிநாத் கர்த்தாவும் அவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் மும்மைச் சுருள் வடிவத்தை முன்வைத்தனர். மூன்று சுருள்களும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு செல்கின்றன என்ற திருத்தம் 1955இல் வந்தது. செல்வெளித் தளப்பொருளின் முதன்மைப் புரதத்துக்கு வடிவம் கிடைத்த இடம் கிண்டியிலிருந்த அந்த இயற்பியல் துறை என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் மூளையைப் பொறுத்தவரை கொலாஜன் அறிவு பாதி வழிதான் கொண்டுசெல்லும். தோல் தொட்டியில் நடப்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைக்கும்போது மயிர் கழல்வதோடு, கொலாஜன் நார்களுக்கு நடுவே இருக்கும் ஹயலூரானிக் அமிலமும் புரோட்டியோகிளைக்கன்களும் கரைந்து வெளியேறுகின்றன. நார்க்கட்டு விரிந்து, பிறகு இடும் குரோம் உப்பு உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. அதாவது தோல் தொழில் கொலாஜனை வைத்துக்கொண்டு மற்றதைக் கழுநீரோடு விடுகிறது. மூளையின் அமைப்பு இதற்கு நேர்மாறு. இரத்தக் குழாய்களின் அடிச்சவ்விலும் மூளை உறைகளிலும் தவிர அங்கே கொலாஜன் நார் அநேகமாக இல்லை. சுண்ணாம்புத் தொட்டி கழித்துவிடும் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளே மூளைத் தளப்பொருளின் பெரும்பகுதி. மூளை இவ்வளவு மென்மையாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

வேலூரில் நடந்த அளவீடு

அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை மூளையில் முறையாக அளந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒரு முக்கியத் தொகுதி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையை அங்கே ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது, நோயுற்ற மூளையின் வேதியியலையும் அறிய வேண்டும் என்ற நோக்கத்தில் 1950களின் இறுதியில் நரம்பு வேதியியல் ஆய்வகம் உருவானது. அதை நடத்தியவர் கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற பிமல் குமார் பச்சாவத். 1962இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. 1976 வரை வேலூரிலேயே பணிபுரிந்தார்.

இந்த ஆய்வகத்தின் பெயர் முதலில் வெளியே தெரிந்தது ஒரு குழந்தைநோய் வழியாக. நரம்பு உறைகளில் சல்ஃபேட் சேர்ந்த கொழுப்பு தேங்கி, நடக்கத் தொடங்கிய குழந்தை படிப்படியாக நடையையும் பேச்சையும் இழக்கும் நோய் அது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும், ஏ. எஸ். பாலசுப்பிரமணியன், டி. என். பட்டாபிராமன் உள்ளிட்ட வேலூர்க் குழுவினரும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட கட்டுரை, சல்ஃபேட்டைக் கழற்றும் நொதியின் குறைபாட்டை இந்நோயோடு இணைத்தது. சல்ஃபேட் எப்படிக் கழற்றப்படுகிறது என்று கேட்டவர்கள், அது எப்படி ஏற்றப்படுகிறது என்றும் கேட்டார்கள். 1964இல் பாலசுப்பிரமணியனும் பச்சாவத்தும் எலி மூளையில் சர்க்கரைச் சங்கிலிகளுக்குச் சல்ஃபேட்டை மாற்றும் நொதிச் செயலைக் காட்டினர். மூளையே தன் தளப்பொருளைச் செய்துகொள்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று.

அடுத்து வந்தவையே இக்கட்டுரைக்கு முக்கியமானவை. எம். சிங்கும் பச்சாவத்தும் 1965இல் மூளையிலுள்ள, யூரானிக் அமிலம் கொண்ட இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளின் பரவலையும் வயதோடு அவை மாறுவதையும் பற்றி எழுதினர். 1968இல் பல்வேறு வயதுடைய மனித மூளைகளிலிருந்து அவற்றைப் பிரித்து ஆராய்ந்தனர். 1969இல் பல விலங்கினங்களின் மூளைகளை ஒப்பிட்டனர்.

அக்காலத்தில் இத்தகைய ஆய்வு கைப்பாடு மிகுந்தது. மூளைத் திசுவை அரைத்து, அதில் பெருமளவு இருக்கும் கொழுப்பைக் கரைப்பான்களால் நீக்க வேண்டும். எஞ்சிய உலர்தூளைப் பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பேன் நொதியிட்டுச் செரிக்கவைத்தால் புரதம் சிதைந்து சர்க்கரைச் சங்கிலிகள் விடுபடும். நேர்மின்னூட்டமுள்ள சோப்பு போன்ற சேர்மத்தைச் சேர்த்தால் அவை வெண்மையாக வீழ்படியும். உப்பின் செறிவைப் படிப்படியாகக் கூட்டினால் முதலில் ஹயலூரானிக் அமிலமும் பிறகு சல்ஃபேட் மிகுந்த வகைகளும் தனித்தனியே கரைந்து வரும். ஒவ்வொரு பகுதியையும் அடர் கந்தக அமிலத்தில் கார்பசோலுடன் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதன் அடர்த்தியே யூரானிக் அமிலத்தின் அளவு. ஒரு கிராம் மூளையில் இந்தச் சங்கிலிகள் மிகச் சொற்பம் என்பதால், வழியில் சிந்திய ஒவ்வொரு துளியும் விடையைப் பிழைப்படுத்தும்.

வயதோடு மாறும் இந்த அளவுக்கு என்ன பொருள் என்பது அன்று யாருக்கும் தெரியவில்லை. அரைத்த மூளை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. கோல்கியிடம் இடம் இருந்தது, வேதியியல் இல்லை. வேலூரிடம் வேதியியல் இருந்தது, இடம் இல்லை. மூளைத் தளப்பொருள் ஆய்வு ஒரு தலைமுறைக் காலம் தாமதமானதற்கு இந்த இடைவெளியே முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு.

இரண்டையும் இணைத்த கருவிகளில் ஒன்று லெக்டின். தாவர விதைகளில் இருக்கும் இப்புரதங்கள் குறிப்பிட்ட சர்க்கரைகளை மட்டும் தேடிப் பற்றும். பச்சாவத்தின் ஆய்வகம் இத்துறையிலும் இறங்கியது. அவதேஷ் சுரோலியாவும் பச்சாவத்தும் பொத்தரும் ஆமணக்கு விதையின் லெக்டின், சர்க்கரை ஏந்திய கொழுப்புக் குமிழிகளைப் பற்றுவதை 1975இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் மற்ற நாட்டு ஆய்வாளர்கள் விஸ்டீரியா என்னும் கொடியின் லெக்டினை மூளைச் சீவல்களில் தடவியபோது, கோல்கி வரைந்த அதே வலை ஒளிர்ந்தது. கஹால் சந்தேகித்தது பொய்யாயிற்று.

வலையும் நெகிழ்திறனும்

நியூரான் சூழ் வலை என்று இன்று அழைக்கப்படும் அந்த வலை எல்லா நியூரான்களையும் சூழ்வதில்லை. பெருமூளைப் புறணியில் பெரும்பாலும் பார்வால்புமின் என்னும் புரதம் உடைய, மிக விரைவாகத் துடிக்கும் தடுப்பு நியூரான்களையே அது மூடுகிறது. நியூரான்களை ஒன்றோடொன்று இணைக்கும் சினாப்ஸ்கள் வந்து அமரும் இடங்களில் மட்டும் வலையில் துளைகள் உள்ளன. பிறந்த உடனே இது காணப்படுவதும் இல்லை. சூசன் ஹாக்ஃபீல்டும் ரொனால்டு மெக்கேயும் 1983இல் உருவாக்கிய ஒரு எதிர்ப்பொருளைக் கொண்டு பின்னர் செய்த சோதனைகளில், இருட்டில் வளர்க்கப்பட்ட பூனைக்குட்டிகளின் பார்வைப் பகுதியில் வலை சரியாக உருவாவதில்லை என்று தெரியவந்தது. அனுபவம் வந்து சேர்ந்த பிறகே வலை முற்றுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகியோரின் பழைய ஆய்வோடு பொருந்தியது. குட்டியின் ஒரு கண்ணை முதல் சில வாரங்களில் மூடிவைத்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிடுகிறது. வளர்ந்த பூனையிடம் அவ்வாறு நிகழ்வதில்லை. குழந்தைகளின் சோம்பல் கண்ணுக்கு நல்ல கண்ணை மறைத்துச் சிகிச்சை அளிக்கும் கண் மருத்துவர்கள், அதைச் சிறு வயதிலேயே தொடங்கச் சொல்வதும் இக்காரணத்தால்தான்.

2002இல் இத்தாலியில் தொம்மாசோ பிட்சோரூசோவின் குழு, வளர்ந்த எலிகளின் பார்வைப் புறணியில் கான்ட்ராய்டினேஸ் ஏபிசி என்னும் பாக்டீரிய நொதியைச் செலுத்திச் சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்தது. ஒரு கண்ணை மூடியபோது வளர்ந்த எலியின் மூளையும் குட்டியின் மூளையைப் போல மாறியது. வேலூரில் வயதோடு மாறும் அளவாகப் பதிவான ஒன்றுக்குச் செயல்பொருள் கிடைத்தது அப்போதுதான். தளப்பொருளின் முதிர்ச்சி, அனுபவத்துக்கேற்ப மாறும் மூளையின் நெகிழ்திறனுக்கான கதவை ஓரளவு மூடுகிறது.

எப்படி மூடுகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. வலை, சினாப்ஸ்கள் புதிதாக அமர இடம் தராமல் தடுக்கிறது. ஓடிஎக்ஸ்2 என்னும் புரதத்தைப் பிடித்துத் தடுப்பு நியூரானுக்குள் அனுப்பி, அதை முதிர்ந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. ரெனாட்டோ ஃபிரிஷ்னெக்டின் குழு 2009இல் காட்டியபடி, செல் பரப்பில் ஏற்பிகள் நகர்ந்து செல்வதற்கும் தளப்பொருள் வேலியாகிறது. அதே ஆண்டில் நடீன் கோகொல்லாவும் உடன் பணிபுரிந்தவர்களும் அச்ச நினைவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. எலிக்குட்டியிடம் ஏற்பட்ட அச்சத்தைப் பயிற்சியால் அடியோடு அழிக்க முடியும், வளர்ந்த எலியிடம் முடியாது. அச்சத்தோடு தொடர்புடைய மூளைப்பகுதியான அமிக்டலாவில் வலை தோன்றும் காலமும் இந்த மாற்றத்தின் காலமும் ஒன்றாக இருந்தன. அச்சம் உண்டாவதற்கு முன்பே வளர்ந்த எலியின் வலையைக் கரைத்தால், அதன் பிறகு ஏற்படும் அச்சத்தை அழிக்க முடிந்தது. ஏற்கெனவே பதிந்த நினைவை நொதி அழிக்கவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கான எழுத்துகளில் இந்த வேறுபாடு அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

நோயும் தளப்பொருளும்

தளப்பொருள் கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய். தண்டுவடம் அறுபட்ட இடத்தில் கிளையச் செல்கள் திரண்டு வடுவாகின்றன. அந்த வடுவில் கான்ட்ராய்ட்டின் சல்ஃபேட் குவிகிறது. வளர முயலும் நரம்பிழை அதன் முன் நின்றுவிடுகிறது. மறுபுறம், மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள பகுதியில் வலை சிதைவதைப் பானு திவாரியும் ஹரால்டு சொன்டைமரும் 2018இல் எலிகளில் விவரித்தனர். வலை இருக்கும்வரை செல் சவ்வின் மின்தேக்கு திறன் குறைவாக இருந்து தடுப்பு நியூரான் விரைந்து துடிக்கிறது. வலை போனால் துடிப்பு தளர்ந்து, அடக்குவார் இல்லாத சுற்று வலிப்பில் முடிகிறது. மனச்சிதைவு நோயாளிகளின் இறப்புக்குப் பின் ஆராயப்பட்ட மூளைகளின் அமிக்டலாவில் இவ்வலைகள் குறைந்திருப்பதை ஹாரி பன்டசோபுலோசும் சபீனா பெரெட்டாவும் 2010இல் பதிவு செய்தனர். அது நோயின் காரணமா விளைவா என்பது தீர்க்கப்படவில்லை.

தளப்பொருளைச் சிதைக்கும் இன்னொரு நோய், தென் சென்னைக்கு நெருக்கமான காசம். 1928இல் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானட்டோரியம் அப்பகுதிக்கே பெயராகி நிலைத்துவிட்டது. காசக் கிருமி நுரையீரலைத் தாண்டி மூளை உறைக்குச் செல்லும்போது உடலின் பாதுகாப்புச் செல்களே எம்எம்பி-9 போன்ற நொதிகளை மிகையாகச் சுரக்கின்றன. கிருமியைத் துரத்த வந்த அந்நொதிகள் இரத்தக் குழாய்களின் அடிச்சவ்வைத் தின்று, மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பை உடைக்கின்றன. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் குழந்தைகளிடம் நடத்தி 1986இல் வெளியிட்ட சிகிச்சை ஆய்வுகளில், மருந்து தொடங்கும்போது நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பது விளைவைப் பெரிதும் தீர்மானித்தது. கிருமியைக் கொல்வது மட்டும் போதாது என்பதற்கு அது சான்று. வியட்நாமில் 2004இல் வெளியான பெரிய ஆய்வு டெக்சாமெத்தசோன் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு குறைவதைக் காட்டியது. அம்மருந்து மூளைத் தண்டுவட நீரில் எம்எம்பி-9 அளவைக் குறைப்பது 2009இல் தெரியவந்தது.

சங்கிலிகளைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகளின் நிலை வேறு. ஹெப்பரான் சல்ஃபேட் என்னும் சங்கிலி செல்லுக்குள் தேங்கித் தேங்கி மூளையை நலிவிக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய்கள் பெரும்பாலும் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் எனச் சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கம் உள்ள தமிழகத்தில் இவற்றின் முக்கியத்துவம் கூடுதல். மரபணு ஆலோசனை தாலுகா மருத்துவமனைவரை வரவேண்டிய தேவையும் அவ்வளவே.

சிகிச்சையை நோக்கி

மனித மூளையில் தளப்பொருள் எப்போது, எங்கே அமைகிறது என்ற வரைபடம் இன்னும் முழுமையாகவில்லை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ தொகுப்பில் கருவிலிருக்கும் மூளைகளின் 5,132 சீவல்கள் செல் அளவுத் தெளிவில் உள்ளன. தண்டலத்திலுள்ள சவீதா மருத்துவக் கல்லூரியும் இப்பணியில் பங்கேற்றது. செல்களை இடம் பிரித்துக் காட்டும் இத்தகைய வரைபடம் இருந்தால்தான் அவற்றுக்கு இடைப்பட்டதையும் இடம் பிரித்துப் பேச முடியும்.

சிகிச்சையில் அதிக நம்பிக்கை தந்தது கான்ட்ராய்டினேஸ் ஏபிசி. எலிசபெத் பிராட்பரியின் குழு 2002இல் தண்டுவடம் நசுங்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்து, நரம்பிழைகள் வளர்வதையும் நடை ஓரளவு மீள்வதையும் காட்டியது. 2018இல் தண்டுவடக் காயத்தால் முடங்கிய வளர்ப்பு நாய்களிடமும் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆண்டில் ஜப்பான் இந்நொதியை மனிதருக்கு அனுமதித்தது. தண்டுவடக் காயத்துக்கு அல்ல, முதுகெலும்பின் வட்டு பிதுங்குவதற்கு. வட்டுக்குள் ஒருமுறை செலுத்தினால் போதும் என்பதால் அங்கே அது எளிது. தண்டுவடத்தில் நிலைமை வேறு. உடல் வெப்பத்தில் நொதி சில நாட்களிலேயே செயலிழக்கிறது, நரம்பிழை வளர்வதற்கோ வாரங்கள் தேவை. நொதியைத் தயாரிக்கும் மரபணுவை அங்கேயே வைத்து, வேண்டும்போது இயக்கி வேண்டாதபோது நிறுத்தும் முறைகள் விலங்குகளில் சோதிக்கப்படுகின்றன. நிறுத்தும் வழி கட்டாயம் வேண்டும்: வடுவைக் கரைக்கும் அதே நொதி, அருகிலுள்ள நலமான நியூரான்களின் வலையையும் கரைக்கும்.